பெயரா, வரிசையா, அளவா? – கணக்கெடுப்பின் வரலாற்றில் ஒரு கேள்வி

புள்ளியியல் பாடநூல்களின் முதல் இயல் பெரும்பாலும் ஒரே அமைப்பில் இருக்கும். மாறிகள் இத்தனை வகை, அளவைகள் இத்தனை வகை, மாதிரி எடுக்கும் முறைகள் இத்தனை வகை என்று பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டும் தந்து, இரண்டாம் இயலில் சராசரிக்குப் போய்விடுவார்கள். மாணவரும் அப்பட்டியலை மனப்பாடம் செய்து, தேர்வில் இரண்டு மதிப்பெண் வாங்கியதும் மறந்துவிடுகின்றனர். இலக்கியம் பயின்றவர்களோ அந்த இயலின் பக்கமே போவதில்லை.

ஆனால் அந்த முதல் இயலில் உள்ளவை வெறும் வகைப்பாடுகள் அல்ல. அவற்றுள் ஒன்றை மற்றொன்றாகக் கொண்டதால் ஒரு நாட்டின் சமூக வரலாறே திசைமாறியதுண்டு. அந்த நாடு நம்முடையது. பெயராக மட்டும் இருக்க வேண்டிய ஒன்றை வரிசையாக எழுதியபோது என்ன நேர்ந்தது என்பதையும், யாரை எண்ணுவது என்ற கேள்விக்கு விடை எப்படிக் கிடைத்தது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

இலக்கணத்தின் நான்கும் புள்ளியியலின் நான்கும்

ஆகுபெயரைப் பயிலும்போது நாம் நான்கு அளவைகளை அறிகிறோம். எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்பன அவை. தேங்காயை எண்ணுகிறோம், வெல்லத்தை நிறுக்கிறோம், நெல்லை முகக்கிறோம், துணியை நீட்டி அளக்கிறோம். அளக்கப்படும் பொருளுக்கு ஏற்ப அளக்கும் செயல் மாறுகிறது என்பதே இப்பகுப்பின் அடிப்படை.

புள்ளியியல் நூல்கள் கூறும் நான்கு வேறு. அவற்றை வகுத்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ். ஒலியின் உரப்பு போன்ற புலனுணர்வுகளை அளக்க முடியுமா என்பது குறித்துப் பிரிட்டனில் இயற்பியலாளரும் உளவியலாளரும் அமர்ந்த குழுவொன்று 1932 முதல் 1940 வரை வாதிட்டும் உடன்பாடு காணாமல் கலைந்தது. அந்த வழக்குக்கு விடையாக, 1946இல் 'சயின்ஸ்' இதழில் ஸ்டீவன்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். அளத்தல் என்பது ஒன்றன்று, நான்கு படிகள் கொண்டது என்பது அவர் முடிபு.

முதற்படி பெயரளவை. இங்கே எண் வெறும் பெயராக நிற்கிறது. நகரப் பேருந்தின் தடம் எண் 54 என்றால், அது 27ஆம் தடத்தைப்போல் இருமடங்கு தூரம் செல்லும் என்று எவரும் கருதுவதில்லை. எண்ணுக்குப் பதில் ஒரு பூவின் பெயரை எழுதியிருந்தாலும் பயணிக்குக் குறையில்லை. தாய்மொழி, பிறந்த ஊர், மதம், சாதி ஆகியன இப்படியைச் சேர்ந்த மாறிகள்.

இரண்டாம் படி வரிசையளவை. 'மூன்று' என்பதற்கும் 'மூன்றாம்' என்பதற்கும் இடையே தமிழ் ஓர் ஒட்டால் காட்டும் வேறுபாடே இது. ஓட்டப்பந்தயத்தில் முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையே ஒரு நொடி இருக்கலாம். இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் இடையே ஒரு நிமிடம் இருக்கலாம். வரிசை அதைச் சொல்லாது. முன், பின் என்பதை மட்டும் சொல்லும்.

மூன்றாம் படி இடைவெளியளவை. இதற்கு ஆண்டுக் கணக்கே நல்ல சான்று. பொது ஆண்டு 1000க்கும் 2000க்கும் இடையே உள்ளவை ஆயிரம் ஆண்டுகள். அவற்றுடன் 31ஐக் கூட்டித் திருவள்ளுவர் ஆண்டாக எழுதினால் 1031, 2031 என்றாகும். இடைவெளி அதே ஆயிரம். ஆனால் 2000 என்பது 1000த்தின் இருமடங்கு என்ற விகிதம் இப்போது மறைந்துவிட்டது. தொடக்கப்புள்ளி நாம் வைத்துக்கொண்டதாதலால் கழித்தலுக்குப் பொருள் உண்டு. வகுத்தலுக்குப் பொருள் இல்லை. செல்சியஸ் வெப்பநிலையும் இத்தன்மையதே.

நான்காம் படி விகித அளவை. இங்கே சுழியம் என்றால் உண்மையிலேயே இல்லை என்று பொருள். நிறை, நீளம், வயது, வருமானம், பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியன இதில் அடங்கும். நம் இலக்கணம் கூறும் எண்ணல் முதல் நீட்டல் வரையிலான நான்கும் இந்த ஒரு படிக்குள்ளேயே அடங்கிவிடுவது நோக்கத்தக்கது. நம் முன்னோர் பொருள்களை அளந்தனர். மனிதரின் பெயரையும் நிலையையும் அளவையாகக் கருதவில்லை. அப்படிக் கருத நேர்ந்தது, அரசு தன் குடிமக்களைத் தாளில் எண்ணத் தொடங்கியபோதுதான்.

விற்பனைக்கு வந்த எண்கள்

ஸ்டீவன்ஸின் பகுப்பு வெளிவந்த ஏழாம் ஆண்டில், 1953இல், ஃபிரெடரிக் லார்ட் என்பவர் அதனைக் கேலி செய்து ஒரு குறுங்கதை எழுதினார். கால்பந்து ஆட்டக்காரரின் சட்டைக்கு எண்களை விற்கும் பேராசிரியர் ஒருவர் அதன் நாயகர். எண்கள் ஓர் இயந்திரத்திலிருந்து வருகின்றன. முதலாண்டு மாணவர் அணி முறையிடுகிறது: தங்களுக்குச் சிறிய எண்களே வந்துள்ளன, மூத்த மாணவர்கள் சிரிக்கிறார்கள், இயந்திரத்தில் யாரோ கைவைத்துவிட்டனர். பேராசிரியர் ஒரு புள்ளியியலாளரை நாடுகிறார். அவர் தயங்காமல் அந்த எண்களைக் கூட்டிச் சராசரி காண்கிறார். இவை பெயர்களல்லவா, இவற்றைக் கூட்டலாமா என்று பேராசிரியர் பதறுகிறார். எண்களுக்கு அதெல்லாம் தெரியாது என்பது புள்ளியியலாளரின் விடை.

கணித நோக்கில் அவர் செய்தது தவறன்று. இயந்திரம் ஒருபக்கம் சாய்ந்ததா என்பதே கேள்வி. அதற்குச் சராசரி விடை தந்தது. ஆயினும் இக்கதையில் நம் கவனத்துக்குரியது வேறொன்று. சட்டை எண் வெறும் பெயர் என்று பேராசிரியர் அறிவார். ஆனால் அதை அணிந்த இளைஞர்கள் அதை வரிசையாகப் படித்தனர். சிறிய எண்ணை இழிவாகக் கொண்டனர். எண்களுக்குத் தாம் எங்கிருந்து வந்தோம் என்பது தெரியாமற் போகலாம். எண்ணப்பட்டவர்களுக்கு அது தெரியும். அமெரிக்க விளையாட்டுத் திடலில் கற்பனையாக நடந்த இது, அதற்கு அரை நூற்றாண்டு முன்பே இந்தியாவில் உண்மையாக நடந்துவிட்டது.

பட்டியல் வரிசையான கதை

இந்தியாவில் 1871-72இல் முதல் பெருங்கணக்கெடுப்பு நடந்தது. 1881 பிப்ரவரி 17ஆம் நாள் நாடு முழுதும் ஒரே நேரத்தில் எண்ணும் முறை தொடங்கியது. சென்னை மாகாணத்தில் 1871ஆம் ஆண்டின் பணியை நடத்தியவர் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ.ஆர். கார்னிஷ். அன்றே அதிகாரிகளை வாட்டிய சிக்கல் சாதிப் பத்தி. நூல்களில் படித்த நால்வருணச் சட்டகம் தென்னாட்டு நடைமுறைக்குப் பொருந்தவில்லை. ஒரே சாதிக்கு ஊருக்கொரு பெயர். ஒரே பெயரில் வெவ்வேறு சாதிகள். சிலர் தொழிலைச் சொன்னார்கள், சிலர் பட்டத்தைச் சொன்னார்கள். பெயரளவைக்கு இரண்டு விதிகள் உண்டு: ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு வகைக்குள் வர வேண்டும், ஒருவர் இரு வகைகளில் வரக்கூடாது. இவ்விரண்டையும் நிறைவேற்றுவதே அரும்பாடாயிற்று.

1891இல் ஆணையராக இருந்த ஜே.ஏ. பெயின்ஸ் சாதிகளை மரபுத் தொழில் வாரியாக அடுக்கினார். குறைகள் பல இருப்பினும் அது பெயரளவையின் எல்லைக்குள் நின்ற பகுப்பு. உழுதொழில் ஒரு தொகுதி, நெசவு ஒரு தொகுதி என்று சொல்வதால் எது மேல், எது கீழ் என்பது வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை.

1901இல் பொறுப்பேற்ற ஹெர்பர்ட் ஹோப் ரிஸ்லி இதை மாற்றினார். அந்தந்த வட்டாரத்து மக்கள் கருத்தில் எந்தச் சாதி உயர்வாகக் கருதப்படுகிறது என்று விசாரித்து, சமூக மதிப்பின்படி சாதிகளை மேலிருந்து கீழாக அடுக்க வேண்டும் என்று மாகாணங்களுக்குப் பணித்தார். பிராமணர் யார் கையால் நீர் அருந்துவர், யாருக்குப் புரோகிதம் செய்வர், யாருடைய தீண்டல் தீட்டு எனப்படும் என்பன அளவுகோல்களாயின. பெயரளவை மாறி ஒன்று அரசாணையால் வரிசையளவை மாறியாயிற்று.

ரிஸ்லிதான் ஏற்றத்தாழ்வைப் படைத்தார் என்று நாம் சொல்ல வரவில்லை. தீண்டாமையும் உயர்வு தாழ்வும் அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே இம்மண்ணில் வேரூன்றியவை. ஆனால் வரிசையளவை என்று ஒன்றைச் சொல்வதற்கு எந்த இரண்டை எடுத்தாலும் எது முன், எது பின் என்று சொல்ல முடிய வேண்டும். அத்தகைய ஒரே வரிசை இங்கே இருந்ததில்லை. தமிழகத்து வலங்கை, இடங்கைப் பிரிவுகளை எண்ணிப் பார்க்கலாம். சென்னைப் பட்டணத்தில் 1652இலும் 1707இலும் தெருவுக்காகவும் ஊர்வல உரிமைக்காகவும் அவ்விரு பிரிவினரும் மோதிக்கொண்டனர். இருவருமே தாமே மேல் என்றனர். தீர்ப்புச் சொல்லும் பொது அளவுகோல் எதுவும் இல்லை. ஊருக்கு ஊர் மாறிய, வழக்காடிக்கொண்டே இருந்த ஒன்றை ரிஸ்லியின் அட்டவணை ஒரே ஏணியாக நிறுத்தி, அரசு முத்திரையும் குத்தியது.

விளைவு உடனே தெரிந்தது. அட்டவணையில் தங்கள் இடத்தை மாற்றக் கோரிச் சாதிச் சங்கங்கள் நாடெங்கும் விண்ணப்பங்களை அனுப்பின. 1911இல் வங்காளக் கணக்கெடுப்புக்குப் பொறுப்பாயிருந்த ஓ'மாலி, தமக்கு வந்த விண்ணப்பங்களின் எடை மட்டும் ஒன்றரை மணங்கு என்று பதிவு செய்தார். வங்காள மணங்கு சுமார் 37 கிலோ என்பதால் இது 56 கிலோ அளவுக்கு வரும். சென்னை மணங்கோ சுமார் 11 கிலோதான். எடுத்தல் அளவையில்கூடப் பெயர் ஒன்றாகவும் அளவு வேறாகவும் இருந்த நாட்டில், மனிதர் மதிப்புக்கு ஒரே துலாக்கோல் தேடினார்கள் என்பதே வியப்பு.

தமிழகத்திலும் இந்த வழக்கு நெடியது. வன்னியர் 1871 கணக்கெடுப்பின்போதே தங்களைச் சத்திரியராகப் பதிய விண்ணப்பித்தனர். நாடார் சமூகத்தார் அரசு ஏடுகளிலிருந்த பழைய பெயரை நீக்கக் கோரிப் பல்லாண்டு போராடினர். 1921இல் சென்னை அரசு 'நாடார்' என்ற பெயரை ஏற்றது. இவற்றில் பல, ஏணியில் மேற்படி கேட்டவை. அயோத்திதாசப் பண்டிதரின் கோரிக்கை இவற்றிலிருந்து வேறுபட்டது. தம் மக்கள் 'சாதிபேதமற்ற திராவிடர்' என்று பதியப்பட வேண்டும் என அவர் வலியுறுத்தினார். வரிசையில் வேறு இடம் கேட்பது ஒன்று. அந்த வரிசையே தனக்குப் பொருந்தாது என்பது மற்றொன்று. புள்ளியியல் சொற்களில் கூறினால், அயோத்திதாசர் அளவையையே மறுத்தார். பத்தியில் எழுதப்படும் ஒரு பெயரில் இத்தனை அரசியல் அடங்கியிருப்பதை அவரைப்போல் உணர்ந்தவர் அக்காலத்தில் மிகச் சிலரே.

1911இல் ஈ.ஏ. கெய்ட் காலத்தில் அந்த மதிப்பு வரிசை கைவிடப்பட்டது. ஒரு முறையே கையாளப்பட்ட அந்த அடுக்கு எழுப்பிய போட்டியோ அத்துடன் நிற்கவில்லை.

மூக்கை அளந்தவர்கள்

ரிஸ்லி தம் வரிசைக்கு இன்னோர் ஆதாரத்தையும் நம்பினார். அது மூக்கு. மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஒரு குறியெண் கிடைக்கும். அக்குறியெண் கூடக்கூடச் சாதியின் சமூக மதிப்பு குறைகிறது என்பது 1891இல் வெளிவந்த வங்காளச் சாதிகள் பற்றிய நூலில் அவர் கண்ட முடிவு. சென்னையில் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டனும் இவ்வாறே மூக்குகளையும் தலைகளையும் அளந்தார். அருங்காட்சியகத்தைக் காண வந்தோரும் அவருடைய அளவுகோலுக்குத் தப்பவில்லை.

இங்கே நேர்ந்ததை நிதானமாகப் பார்ப்போம். மூக்கின் அகலமும் உயரமும் ஐயமின்றி விகித அளவையில் அமைந்தவை. மில்லிமீட்டரில் துல்லியமாக அளக்கலாம். அந்தத் துல்லியத்தின் பெருமையைக் கடன்வாங்கி, அளக்கவே முடியாத 'மதிப்பு' என்ற ஒன்றுக்கு அறிவியல் தோற்றம் தரப்பட்டது. அளவு மெய், அதிலிருந்து இறக்கிய வரிசை ஏற்றிக் கூறியது. எண் எத்தனை நுட்பமானது என்பது, அது எதைச் சொல்கிறது என்ற கேள்விக்கு விடையாகாது.

இரண்டாவது கேள்வி ஒன்றும் உண்டு. யாருடைய மூக்கு? அருங்காட்சியகத்துக்கு வந்தவர், அலுவலருக்குக் கிடைத்தவர், அழைத்ததும் மறுக்காமல் நின்றவர் ஆகியோரை அளந்துவிட்டு, அவர்தம் சாதி முழுமைக்கும் அதுவே மூக்கு என்று சொல்லலாமா? கைக்குக் கிடைத்தவரை எடுத்துக்கொள்ளும் இம்முறையை இன்று வசதி மாதிரி என்பர். மாதிரி எடுக்கும் முறைகளுள் மிக எளியதும் மிகக் குறைவாக நம்பத்தக்கதும் அதுவே.

ரிஸ்லியின் அளவுகளை மீண்டும் கையில் எடுத்தவர் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். கல்கத்தா ஆங்கிலோ-இந்தியர் பற்றிய உடலளவுகளை ஆராய்ந்து அவர் 1922இல் எழுதிய கட்டுரையே அவரைப் புள்ளியியலுக்கு இழுத்து வந்தது. 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்து, 1933இல் 'சங்க்யா' இதழைத் தொடங்கிய அவர், அதன் முதல் தொகுதியிலேயே ரிஸ்லியின் வங்காள அளவுகளைத் திருத்தி வெளியிட்டார். உடலளவுகள் பலவற்றை ஒருங்கே கொண்டு இரு குழுக்கள் எவ்வளவு ஒத்தவை, எவ்வளவு விலகியவை என்று காட்டும் 'மகலனோபிஸ் தொலைவு' என்ற அளவை 1936இல் முழுவடிவம் பெற்றது. ரிஸ்லி மேல், கீழ் என்று அடுக்கியதை மகலனோபிஸ் அருகு, தொலைவு என்று மாற்றினார். தொலைவில் மேடு பள்ளம் இல்லை. அ-விலிருந்து ஆ எவ்வளவு தூரமோ, ஆ-விலிருந்து அ-வும் அவ்வளவே.

ஒரு சோறு பதமாவது எப்போது?

யாரை எண்ணுவது என்ற கேள்வி மேலைநாட்டாரையும் நெடுங்காலம் அலைக்கழித்தது. 1895இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கூடிய உலகப் புள்ளியியலாளர் மாநாட்டில், நார்வே நாட்டின் ஆந்திரஸ் கியேர் ஒரு கருத்தை முன்வைத்தார். எல்லாரையும் எண்ண வேண்டியதில்லை. மொத்தத்தின் சிற்றுருவாக அமையும் ஒரு பகுதியை எண்ணினால் போதும் என்பது அது. அவையில் பலத்த எதிர்ப்பு எழுந்தது. எண்ண முடிந்ததை எண்ணாமல் கணிப்பது முறையாகாது என்று ஜெர்மானிய அறிஞர் கேயோர்க் ஃபொன் மாயர் போன்றோர் வாதிட்டனர்.

நம் பாட்டிமார் அங்கே இருந்திருந்தால் கியேர் பக்கம் நின்றிருப்பர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை அவர்கள் அறிவர். ஆனால் அதைச் சொன்ன அதே பாட்டி, பதம் பார்க்கும் முன் அகப்பையால் பானையைக் கிளறிவிடுவதையும் நாம் கண்டிருக்கிறோம். மேலாக மிதக்கும் சோறு ஒரு பதத்திலும் அடியில் கிடப்பது வேறொரு பதத்திலும் இருக்கக்கூடும். பழமொழி மெய்யாவது அந்தக் கிளறலினால்தான். மனிதரைப் பானையிலிட்டுக் கிளற முடியாதாகையால், அதற்கு ஈடாக வந்ததே சமவாய்ப்புத் தேர்வு. குலுக்கலிலோ தற்போக்கு எண் அட்டவணையிலோ பெயரை எடுக்கும்போது, எடுப்பவரின் விருப்பும் வெறுப்பும் வசதியும் நுழைய வழியில்லை.

கிளறாமலே நல்ல சோற்றைப் பொறுக்கிவிடலாம் என்று நம்பியவர்களும் இருந்தனர். இத்தாலியில் கொர்ராடோ ஜினி, லூயிஜி கல்வானி என்னும் இருவர், 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் தாள்களிலிருந்து ஒரு மாதிரியை மட்டும் பாதுகாக்க வேண்டியிருந்தது. நாட்டின் 214 வட்டங்களுள் 29ஐக் கவனமாகத் தேர்ந்தனர். ஏழு பண்புகளில் அந்த 29இன் சராசரி, நாட்டின் சராசரியோடு பொருந்துமாறு பார்த்துக்கொண்டனர். பார்த்த ஏழில் பொருந்தியது. பார்க்காத பிற பண்புகளைச் சோதித்தபோதோ மாதிரியும் நாடும் வெகுவாக விலகி நின்றன. 1934இல் லண்டனில் அரச புள்ளியியல் கழகத்தின் முன் ஜெர்சி நெய்மன் படித்த கட்டுரை இந்த அனுபவத்தையே சான்றாகக் கொண்டு, அறிந்து பொறுக்கும் முறையைவிட அடுக்குகளாகப் பிரித்து ஒவ்வோர் அடுக்கிலும் சமவாய்ப்பில் எடுக்கும் முறை ஏன் மேலானது என்று நிறுவியது. பாடநூலில் நாம் காணும் அடுக்கு மாதிரி, கொத்து மாதிரி ஆகியவற்றின் கோட்பாட்டு வேர் அங்கேதான் உள்ளது.

எண்ணிக்கைப் பெருக்கம் கிளறலுக்கு ஈடாகாது என்பதை 1936இல் அமெரிக்கா கண்டது. 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் வார இதழ் ஒரு கோடி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பி, 23 லட்சத்துக்கு மேற்பட்ட விடைகளைப் பெற்று, லாண்டன் வெல்வார் என்றது. 48 மாநிலங்களுள் 46இல் ரூஸ்வெல்ட் வென்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தோர் பட்டியல்களிலிருந்து முகவரிகள் எடுக்கப்பட்டதும், சீட்டைத் திருப்பி அனுப்பியோர் அனுப்பாதோரிலிருந்து வேறுபட்டதும் இதன் காரணங்கள்.

சணல் வயலிலிருந்து ஊர்கள் வரை

இந்தியாவில் இந்த அறிவு வயலில்தான் முதலில் விளைந்தது. பீகார்-ஒரிசாவில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த ஜே.ஏ. ஹப்பாக், 1920களில் நெல் விளைச்சலை அறிய வயல்களைச் சமவாய்ப்பில் தேர்ந்து, சிறு பரப்புகளை அறுத்து எடைபோட்டார். 1927இல் வெளிவந்த அவர் அறிக்கை உலகின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. மகலனோபிஸ் 1937இல் வங்காளச் சணல் பரப்பைக் கணிக்கும் பணியைச் சிறிய அளவில் தொடங்கி, ஆண்டுதோறும் விரித்து, 1941இல் மாகாணம் முழுவதையும் எட்டினார்.

அப்பணியில் அவர் கண்ட உண்மை ஒன்று சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. பிழை மாதிரியினால் மட்டும் வருவதில்லை, அளப்பவராலும் வருகிறது. அறுவடைக்கு எடுக்கும் வட்டம் சிறிதாக இருந்தால் விளைச்சல் கூடுதலாகக் காட்டியது. வட்டத்தின் ஓரத்தில் நிற்கும் பயிரை உள்ளே சேர்த்துக்கொள்ளவே அளப்பவர் கை சாய்கிறது. வட்டம் சிறுக்கச் சிறுக்க ஓரத்தின் பங்கு பெருகுகிறது. இதற்காக அவர் கண்ட வழி எளியது. ஒரே பகுதியில் ஒன்றோடொன்று பின்னிய இரு மாதிரிகளைத் தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்துவிடுவது. இரு குழுக்களின் விடைகளும் வெகுவாக விலகினால், குறை வயலில் இல்லை, அளந்தவரிடம் உள்ளது என்று அறியலாம்.

1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு இந்த அனுபவங்களின் விளைவு. அதன் முதற்சுற்று 1950 அக்டோபரிலிருந்து 1951 மார்ச் வரை 1,833 ஊர்களில் நடந்தது. நாட்டிலுள்ள ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட ஊர்களுக்கு அவை பதம். ஊருக்குள் சென்றவர்கள் படியும் மரக்காலும் குழியும் மாவும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவதைக் கண்டு, அனைத்தையும் ஒரே அலகுக்கு மாற்ற வேண்டியிருந்தது. விகித அளவையும் அலகு ஒன்றாகும்வரை ஒப்பிடத் தகாது என்பது அவர்கள் அன்றாடம் கற்ற பாடம்.

மீண்டும் அதே பத்தி

நெல்லையும் சணலையும் எண்ணுவதில் நாம் இத்தனை நுட்பம் பெற்ற காலத்தில், சாதிப் பத்தி உறங்கிக் கிடந்தது. 1931இல் ஜே.எச். ஹட்டன் நடத்தியதே எல்லாச் சாதிகளையும் அட்டவணையிட்ட கடைசிக் கணக்கெடுப்பு. 1941இல் கேட்கப்பட்டதாயினும் போர்க்காலச் சிக்கனத்தால் தொகுக்கப்படவில்லை. 1951 முதல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் தவிர மற்றவர் கணக்கு எடுக்கப்படவில்லை. 1980இல் அறிக்கை தந்த மண்டல் குழு, பிற்படுத்தப்பட்டோர் 52 விழுக்காடு என்று கணிக்க அரை நூற்றாண்டுப் பழைமையான 1931இன் எண்களையே நாட வேண்டியிருந்தது.

2011இல் தொடங்கிய சமூக, பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பில் மக்கள் சொன்னது சொன்னபடி எழுதப்பட்டது. விளைந்த பெயர்கள் 46 லட்சத்துக்கு மேல் என்று 2021இல் உச்ச நீதிமன்றத்தில் அரசு தெரிவித்தது. 1931இல் இருந்தவை 4,147. சாதிகள் பெருகிவிடவில்லை. எழுத்துப் பிழை, கிளைப்பெயர், குலப்பெயர், பட்டம் எல்லாம் தனித்தனி வகைகளாகிவிட்டன. கார்னிஷ் காலத்துச் சிக்கல் கணினியில் மீண்டும் வந்து நின்றது. பட்டியலை முன்கூட்டி வகுத்துக்கொண்டால் வேறு சிக்கல். 2023இல் பீகார் அரசு நடத்திய ஆய்வில் ஒவ்வொரு சாதிக்கும் ஒரு குறியெண் தரப்பட்டது. அந்தச் சாதிப் பட்டியலுக்குள்ளேயே திருநங்கையரும் ஒரு குறியெண்ணாக வைக்கப்பட்டபோது, பாலினம் எப்படிச் சாதியாகும் என்று அவர்கள் எழுப்பிய கேள்வி, முதல் இயலின் கேள்வியேதான்: இரு வேறு மாறிகளை ஒரே பத்தியில் எழுதலாமா? தேசியக் கணக்கெடுப்பில் 2011இல்தான் ஆண் 1, பெண் 2 என்பவற்றோடு மற்றவர் 3 என்ற எண் சேர்ந்தது. 4,87,803 பேர் அவ்வாறு பதிவாயினர். அந்த மூன்றும் பெயர்களே, இடங்கள் அல்ல என்பதைச் சொல்லித்தான் தெளிவிக்க வேண்டியுள்ளது.

2027 மார்ச் 1ஆம் நாளை அடிப்படை நாளாகக் கொண்ட கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளும் கேட்கப்படும் என்று 2025இல் அரசு அறிவித்தது. அது வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் வலுவான காரணங்கள் வைத்திருக்கின்றனர். எண்ணாவிட்டால் இழப்பு எவருக்கு என்பது தெரியாமலே போகும். பங்கீடு நீதியாக நடக்கிறதா என்று சோதிக்க வழியிராது. எண்ணினாலோ, எழுதிய பெயர் ஏணியாகும் அச்சம் 1901இன் நினைவாக நிற்கிறது. இரண்டையும் ஒருங்கே மதிக்க ஒரு வழி உண்டென்றால், அது பெயரைப் பெயராகவே எழுதி, கல்வியையும் நிலத்தையும் வருமானத்தையும் தனித்தனி மாறிகளாக அளந்து, அவற்றுக்கிடையே உள்ள தொடர்பைக் காண்பதுதான். தாழ்வு ஒரு சாதியின் பெயருக்குள் இருப்பதன்று; அப்பெயருடையோர்க்கு மறுக்கப்பட்ட பள்ளியிலும் நிலத்திலும் இருப்பது. பின்னவற்றை விகித அளவையில் அளக்கலாம். அளந்தால் மாற்றவும் கூடும்.

கதவைத் தட்டி வரும் கணக்கெடுப்பாளர் கையிலுள்ள பத்திகள் எவ்வகை மாறிகள், அவை யாருடைய பட்டியலிலிருந்து வந்தவை என்று கேட்பதற்கு நாம் புள்ளியியல் பட்டம் பெற்றிருக்க வேண்டியதில்லை. ஒன்றரை மணங்கு விண்ணப்பங்களை எழுதியவர்களுள் எவரும் அப்பட்டம் பெற்றவர் அல்லர். தாங்கள் எந்த அளவையில் நிறுத்தப்படுகிறோம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.